ஊத்துமேடும் அனுபந்தம் மூன்றும்

கொடைக்கானல் மேல்மலைக் கிராமமான கவுஞ்சியில், சேனாதிபதி வீட்டு அடுப்பங்கரையில் ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது. மலைப் பட்டை அபிவிருத்திக் குழுவார் கொடுத்தது. அதில் கல் உப்பு போட்டு வைத்திருந்தார்கள். உப்பு முதல் மழைக்காலத்திலேயே வெள்ளியைத் தின்று முடித்துப் பித்தளையை வெளியே கொண்டுவந்துவிட்டது. பித்தளையும் பூச்சுதானோ என்று அவர் மனைவி சண்முகவள்ளிக்கு ஒரு சந்தேகம். புருஷனிடம் கேட்கவில்லை. கோப்பையைப் பற்றிப் பேச்செடுத்தால் சேனாதிபதிக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

கோப்பை வந்த விதம் இப்படி. ஐம்பத்து மூன்றாம் வருஷம் வைகாசியில் ஞானவேல் என்ற அதிகாரி மட்டக்குதிரை மேல் உட்கார்ந்து கவுஞ்சிக்கு வந்தார். அந்தக் குதிரைக்குப் பூண்டு மூட்டை சுமந்துதான் பழக்கம், மூட்டை பேசாது. இவர் பூம்பாறையிலிருந்து பேசிக்கொண்டே வந்தார். மந்தைத் திடலில் இறங்கியதும் ஊரைக் கூட்டி, குதிரையிடம் சொன்னதையே மறுபடி சொன்னார்.

தோலைப் பதனிடப் பட்டை வேண்டும். இத்தனை காலம் பட்டை ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே ஆள்கிற வெள்ளைக்காரன் நம் ஜனங்களை மாட்டிலும் கேவலமாக நடத்துகிறான். ஆகவே அவனோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று நம் தேசம் முடிவு செய்துவிட்டது. அந்தப் பட்டையைத் தருகிற வாட்டில் மரத்தை இனி நாமே வளர்க்க வேண்டும். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் கவுஞ்சிக்காரர்கள் தப்பித்திருப்பார்கள். பொய்யைக் கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரியும்.

சேனாதிபதியின் பட்டாவில் ஊத்துமேடு என்று இரண்டு ஏக்கர் உண்டு. வெறும் புல். அதன் அடியில்தான் ஊற்று. ஊற்றுத் தண்ணீர் கல் வாய்க்கால் வழியே இறங்கி, சரிவில் படிப்படியாக வெட்டிய சேனாதிபதியின் மூன்று படி வயலுக்கும், அதற்குக் கீழே அவருடைய இறந்துபோன தம்பியின் மனைவி கந்தம்மாளின் நான்கு படி வயலுக்கும் பாயும். ஏழு படியிலும் பூண்டு. ஊற்றுக்கு மேலே இருக்கிற நிலத்தில் மண்வெட்டி படக் கூடாது என்பது ஊர் வழக்கம். மாசியில் புல்லுக்குத் தீ வைப்பார்கள், சித்திரை மழைக்குப் புதுப்புல் வரும், மாடு மேயும். அதோடு சரி. இதற்குக் காரணம் யாரும் சொன்னதில்லை. கேட்டவரும் இல்லை, ஞானவேல் வரும் வரை.

"இது ஏன் சும்மா கெடக்கு?" என்றார் அவர். சும்மா கிடக்கிற நிலத்தைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. பூம்பாறையிலிருந்து குதிரை மேல் தாமும் சும்மாதான் உட்கார்ந்து வந்தோம் என்பது நினைவில் இல்லை.

மறுமாதம் ஒப்பந்தம் வந்தது. பட்டாவில் வெறும் சேனாதிபதி. ஒப்பந்தத்தில் ஸ்ரீமான் சேனாதிபதி அவர்கள். அந்த ஸ்ரீமானுக்காகத்தான் மனுஷன் கையெழுத்துப் போட்டார் என்பது சண்முகவள்ளியின் கட்சி. மேல்மலையில் முதல் ஆளாக வாட்டில் நட்டதற்கு ஒரு மாலை, ஒரு போட்டோ, ஒரு கோப்பை.

மரம் நன்றாகவே வளர்ந்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை. நட்ட வருஷம் ஊற்று தொடை கனத்துக்கு விழுந்தது. ஐந்தாம் வருஷம் மணிக்கட்டு கனம். பத்தாம் வருஷம் சுண்டுவிரல்.

அறுபத்து மூன்று, ஆவணி. சாரல் விடாமல் பிடித்திருந்த ஒரு விடியலில் கந்தம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, எந்திரிச்சாச்சா?"

"எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சு. உள்ள வா, களி கிண்டிக்கிட்டு இருக்கேன்."

"களியை நீங்களே தின்னுங்க. இந்த ஒரு குடம் ரொம்புறதுக்குள்ள ரெண்டு தடவை வெத்தலை போட்டுத் துப்பியாச்சு. சாரல் மாசத்துலயே இந்த லச்சணம்னா தையில நாக்கு வறண்டுதான் கெடக்கணும். வர ஐப்பசியில நான் பூண்டு ஊன்றதா, வேணாமா? பெரிய மச்சான்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

"உள்ளதான உக்காந்திருக்காக. நீயே கேளு."

"ஸ்ரீமான்கிட்ட நான் எப்பிடிப் பேசுறது?"

உள்ளே சேனாதிபதி இருமினார். இருமல் எதுவும் இல்லாத மனிதர். பிறகு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒப்பந்தத்துல சொன்ன பத்து வருஷம் இதோட முடியுது. ராவுத்தர் வந்து வெலை பேசட்டும். பட்டையை உரிச்சுக் குடுத்துட்டு மரத்தைத் தள்ளிருவோம். புல்லு வந்தா ஊத்தும் வந்துரும்."

"வருமா?"

"வரும்ங்கிறேன்ல."

"பத்து வருஷமா நீங்க சொன்னது எது வந்துச்சு மச்சான், கோப்பையைத் தவிர?"

ராவுத்தர் என்றது கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருக்கும் சேக் பரீதை. மேல்மலைப் பூண்டையும் பட்டையையும் வாங்கிக் கீழே அனுப்புகிறவர். பட்டை திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குப் போகும். அன்று மத்தியானம் குதிரைகளோடு வந்தவர், ஊத்துமேட்டில் ஒரு மரத்தைக் கத்தியால் கீறி, துண்டுப் பட்டையை வாயில் போட்டு மென்று, முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

"அருமையான பட்டைண்ணே. வாயே தச்சுப்போச்சு. இந்த மாதிரித் துவர்ப்பு நான் பாத்ததில்ல."

"வெலையைச் சொல்லுங்க ராவுத்தரே."

"எனக்கு வேணாம்ணே."

சேனாதிபதி சிரித்தார். விலையைக் குறைக்கிற வித்தை என்று நினைத்தார். சேக் பரீது சிரிக்கவில்லை.

"தோல் ஷாப்புக்காரக எல்லாம் இப்பப் பட்டைச்சாறைக் காய்ச்சி எடுத்த பொடிக்கு மாறிட்டாக. ஆப்பிரிக்காவுல இருந்து மூட்டை மூட்டையா எறங்குது. தண்ணியில கரைச்சா சோலி முடிஞ்சுது. பட்டையை இடிக்க வேணாம், ஊறப்போட வேணாம்."

"ஆப்பிரிக்காகூடத்தான் கொடுக்கல் வாங்கலே இல்லைன்னாகளே?"

"அது தெக்கு. இது கெழக்கு. கெழக்குக்காரவுகளோட நமக்கு என்ன பகை? புதுசா ஒப்பந்தம் போட்டிருக்காக. அவுக பொடி இங்க வரும், நம்ம துணிமணி அங்க போகும்."

"என் மரம்?"

"அது இங்கயே நிக்கும்ணே."

சண்முகவள்ளி அவருக்குக் களியும் பூண்டுக் குழம்பும் வைத்தாள். வியாபாரம் இல்லாத வீட்டில் சாப்பிடுகிறோமே என்று அவருக்குக் கூச்சம். ஆனாலும் இரண்டாம் முறை குழம்பு கேட்டார். கை கழுவும்போது சொன்னார்: "வர மாசம் கொடைக்கானல்ல பெரிய மீட்டிங் போடுறாங்க. உங்க ஞானவேல் சீமைக்குப் போயிட்டு வந்திருக்காரு. வெட்டிக்கிறேன்னு அவருட்டயே கேட்டு ஒரு கையெழுத்து வாங்கிருங்க. கேக்காம வெட்டினா நெலம் குழுவுக்குப் போயிரும்னு பத்திரத்துல இருக்கு, தெரியும்ல?"

தெரியும். அந்த வரியைச் சேனாதிபதி இந்தப் பத்து வருஷத்தில் தனியாக இருக்கும்போதெல்லாம் படித்திருந்தார்.

ஏரிக்கரை ஓட்டல் ஒன்றின் கூடத்தில் கூட்டம். 'உலக வர்த்தகத்தில் மலை விவசாயியின் பங்கு' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். மலை விவசாயியின் பங்கு, பார்த்த வரையில், கடைசி இரண்டு வரிசை பெஞ்சு. முன்னால் மெத்தை நாற்காலிகள். மேடையில் கோட்டும் சூட்டுமாக ஞானவேல். குதிரையிலிருந்து ஜீப்புக்கும் ஜீப்பிலிருந்து காருக்கும் உயர்ந்தவர். உயர உயரக் கழுத்து குறைந்து தாடை பெருகியிருந்தது. கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு குளிர் நகரத்தில் பதினோரு தேசத்தார் கூடிப் பேசிய இடத்தில், நம் தேசத்துப் பிரதிநிதிகளுக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் ஒன்பது நாள் உட்கார்ந்துவிட்டு வந்தவர். அந்த ஒன்பது நாளை ஒன்றரை மணி நேரம் சொன்னார். அந்த நகரத்து ரொட்டி எப்படி இருக்கும் என்பதுகூட அதில் வந்தது. கவுஞ்சி வரவில்லை.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். கேட்பார்கள் என்று எதிர்பார்த்துச் சொன்னதல்ல. சேனாதிபதி எழுந்தார்.

"ஐயா, நான் கவுஞ்சி சேனாதிபதி. நீங்க கோப்பை குடுத்தீக."

"ஓ, நம்ம முன்னோடி" என்று ஞானவேல் கையைத் தட்டினார். முன்வரிசையும் தட்டியது.

"பட்டையை வாங்க ஆளில்லைங்க. வாங்கவேண்டிய உங்க குழு டிப்போவும் பூட்டிக் கெடக்கு. மரம் ஊத்தைக் குடிச்சிருச்சு. வெட்டிப்போட்டுப் பழையபடி புல்லுக்கு விட்டுர்றோம். அதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சேனாதிபதி. ஆனா டெசிஷன் இப்ப என் லெவல்ல இல்லை."

"யாரு லெவல்லங்க இருக்கு?"

"மெட்ராஸ்ல இல்லை. டெல்லியிலயும் இல்லை. டெல்லி கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே எல்லா தேசமும் கூடித்தான் முடிவெடுக்கும். நம்ம இஷ்டத்துக்கு எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது."

"அந்த எல்லா தேசத்துலயும் எங்க ஊத்தைத் தெரிஞ்சவுக யாராச்சும் இருக்காகளா?"

"ஊத்து தெரிய வேண்டியதில்லைப்பா. ஏக்கர் தெரிஞ்சாப் போதும். அனுபந்தம் மூணுன்னு ஒரு பட்டியல் இருக்கு. நம்ம நாட்டுல இத்தனை ஏக்கர் வாட்டில் நிக்குதுன்னு உலகத்துக்குச் சொல்லியிருக்கோம். அதுல உங்க ரெண்டு ஏக்கரும் இருக்கு. நீங்க வெட்டினா நாடு சொன்ன வாக்கு பொய்யாயிடும்."

"வாங்காத பட்டைக்கு எதுக்குங்க மரம்?"

ஞானவேல் சிரித்து முன்வரிசையைப் பார்த்தார். குழந்தைக்குச் சொல்கிற குரலில் சொன்னார். "நம்மகிட்ட இத்தனை மரம் இருக்குன்னு காட்டினாத்தான் அவன் பொடி வெலையைக் குறைப்பான். அதுதான் நெகோஷியேஷன்."

பெண்கள் பெஞ்சிலிருந்து சண்முகவள்ளி எழுந்தாள். கூடத்தில் அது திட்டத்தில் இல்லாத விஷயம்.

"அப்ப எங்க மரம் விக்கிறதுக்கு இல்லைங்க, காட்டுறதுக்கு."

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா."

"வேற எப்பிடிச் சொல்றதுன்னு நீங்களே சொல்லிக் குடுங்க. கொல்லையில கோட்டுப் போட்டு நிறுத்தி வைக்கிற பொம்மைக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

கோட்டு என்றதும் பின்வரிசையில் யாரோ தும்மினார்கள். தும்மல் வரிசையாகப் பரவியது. கூட்டத் தலைவர் நேரமாகிவிட்டது என்று எழுந்து, சாப்பாட்டுக்கு அழைத்தார். முன்வரிசைக்குக் கட்லெட். பின்வரிசைக்குப் பொட்டலம். ஞானவேல் விரல் விரலாக நக்கி, காகிதத்தில் வாயைத் துடைத்து, துடைத்த காகிதத்தை எங்கே போடுவது என்று தேடி, பக்கத்தில் நின்ற சேனாதிபதியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சேனாதிபதியும் வாங்கிக்கொண்டார். அதைத்தான் சண்முகவள்ளியால் பொறுக்க முடியவில்லை.

"கீழ போடுங்க அதை."

போட்டார்.

"மடியில பத்திரம் வச்சிருக்கீகல்ல. வாங்க ராவுத்தர் கடைக்கு."

பஜாரில் சேக் பரீது கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தை வரி வரியாகப் படித்தார். மரத்தை வெட்டக் கூடாது. வேரோடு தோண்டக் கூடாது. ஆடு மாடு விடக் கூடாது. வேறு எதுவும் நடக் கூடாது.

"பட்டை உரிக்கலாமா?" என்றாள் சண்முகவள்ளி.

"பத்து வருஷத்துக்குப் பெறகு உரிச்சுக் குழு டிப்போவுக்குக் குடுக்கணும்னு இருக்கும்மா. குடுக்கத்தான் டிப்போ இல்ல."

"அது அவுக பாடு. உரிச்சா மரம் நிக்குமா?"

"சுத்தி உரிச்சா மூணு மாசம் நிக்கும். அப்புறம் நின்னபடியே செத்துப்போகும்." சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சேனாதிபதியைப் பார்த்தார். "அண்ணே, குழுக்காரக கோப்பையைத் தப்பான ஆளுட்டக் குடுத்துட்டாக."

புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் உரித்தார்கள். மழையில் மரத்தில் பால் ஏறியிருந்தது. பட்டை நன்றாக வந்தது. சேனாதிபதி அடிமரத்தில் அரிவாளால் சுற்றுக் கீறுவார். கந்தம்மாள் கீறலில் ஆப்பை நுழைத்து நெம்புவாள். சண்முகவள்ளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பாள். நீளமான நார்ப் பட்டை கிழிகிற சத்தத்தோடு கிளை வரை ஏறிக் கழன்று விழும். உள்ளே வெளுத்த மரம், ஈரமாக, கைவைத்தால் வழுக்கியது. கறை இரும்போடு சேர்ந்து மூவர் கையையும் மை போல் கறுக்கவைத்தது. சீயக்காய், சாம்பல், எலுமிச்சை எதற்கும் போகவில்லை. பிசைந்த களி கசந்தது. கந்தம்மாள் ஒரு நாள் உருளைக்கிழங்கை அவித்துக் கையால் உரிக்காமல் தோலோடு வைத்தாள்.

"ஏண்டி, உரிச்சு வைக்க மாட்டியா?"

"ரெண்டு மாசமா உரிச்சது பத்தாதா அக்கா? நீங்களே உரிச்சுக்கங்க, உங்க கையிலயும் ருசி இருக்கும்."

பட்டையை மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார்கள். உலக வர்த்தகத்தில் அதற்குக் கிடைத்த இடம் அது. மாடுகள் ஆட்சேபிக்கவில்லை.

மார்கழி உறைபனியில் இலை கொட்டியது. பொங்கலுக்கு மறுநாள் கந்தம்மாள் குடத்தை ஊற்றடியில் வைத்துவிட்டு வெற்றிலை மடித்தாள். மடித்து முடிக்கும் முன் குடம் நிரம்பி வழிந்தது. அவள் வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"மச்சான், மணிக்கட்டு கனம் விழுது."

சேனாதிபதி போய்ப் பார்த்தார். தண்ணீரில் கறுத்த கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஏழு படியிலும் பூண்டு நிமிர்ந்தது.

மாசி வந்தது. ஊத்துமேட்டில் செத்த மரங்களின் அடியில் உதிர்ந்த சருகு முழங்கால் உயரம் கிடந்தது. மாசியில் ஊத்துமேட்டுக்குத் தீ வைக்க வேண்டும். வைத்தால் சித்திரையில் புல் வரும். பத்து வருஷம் விட்டுப்போன வழக்கத்தைத் திரும்பச் செய்கிற சந்தோஷத்தில் சேனாதிபதி குளித்துவிட்டு, திருநீறு பூசி, நான்கு மூலையிலும் தீ வைத்தார். மரம் நின்றபடி எரிந்தது. யாரும் வெட்டவில்லை. மேல்மலையில் மாசித் தீ யார் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

சித்திரையில் மழை பெய்தது. எட்டாம் நாள் ஊத்துமேடு பச்சைப் பசேல் என்றிருந்தது. மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஏறிய சேனாதிபதி, பாதியில் நின்றார். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. புல் இல்லை. ஒரு சாண் இடத்தில் நாற்பது வாட்டில் கன்று. பத்து வருஷமாக மண்ணில் உதிர்ந்து உறங்கிய விதை அத்தனையும் தீயில் ஓடு வெடித்து முளைத்திருந்தது. புல்லை எழுப்பப் பாட்டன் முப்பாட்டன் வைத்த தீ, இதையும் எழுப்பும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. இந்த மரம் அவர்கள் பார்த்த மரம் அல்ல.

"பிடுங்கிரலாம்" என்றாள் சண்முகவள்ளி.

"ரெண்டு ஏக்கரா?"

"பின்ன, அஞ்சு வருஷம் விட்டு ஊத்தைக் குடிக்கக் குடுக்கவா? குனிங்க."

மூவரும் முட்டி போட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் ஞானவேல் வந்தார். கூடப் போட்டோக்காரர். மரம் செத்துப்போனது என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள்.  நிலம் போய்விடும் என்று சேனாதிபதி நினைத்தார். ஞானவேல் மேட்டைப் பார்த்தார். கறுத்த கட்டைகளைப் பார்க்கவில்லை. அவருக்குப் பச்சைதான் தெரிந்தது.

"ஏக்கருக்கு லட்சம் கன்று இருக்கும்போல. சேனாதிபதி, பழசை அழிச்சுப் புதுசு போட்டிருக்கீங்க. வர மாநாட்டுல அனுபந்தம் மூணைத் திருத்திரலாம். நம்ம பலம் அம்பது மடங்கு கூடிருச்சு." காரில் யாருக்கோ கொடுக்க வைத்திருந்த கோப்பை ஒன்று இருந்தது. அதை எடுத்துவரச் சொல்லிச் சேனாதிபதியிடம் நீட்டினார்.

சேனாதிபதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் அவர் தானாக எடுத்த முதல் முடிவு அது.

"எழுதிக்கிட்டீகளா?" என்றாள் சண்முகவள்ளி.

"எழுதியாச்சும்மா."

"அப்ப குனிஞ்சு ஒண்ணைப் பிடுங்குங்க."

ஞானவேல் சிரித்துக்கொண்டே குனிந்து ஒன்றை இழுத்தார். தலை மட்டும் கையோடு வந்தது. வேர் உள்ளே நின்றுவிட்டது.

"அது திரும்ப வரும். வேரோட வரணும்னா இப்பிடி." அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி, ஊற்றில் முக்கி, ஒரு கன்றின் அடியில் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கினாள். போட்டோக்காரர் படம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் வேரோடு பிடுங்கியதை எடுக்கவில்லை. அதற்குள் ஞானவேல் காருக்குத் திரும்பியிருந்தார்.

கோப்பை அங்கேயே கிடந்தது. பழையதைவிடக் கொஞ்சம் பெரிது. வேலைக்கு ஆயிற்று.

ஐப்பசியில் பூண்டு விதை வாங்கவந்த சேக் பரீது, வெல்லம் மடித்திருந்த வழவழப்பான காகிதத்தைப் பிரித்து நீட்டினார். குழுவின் வருஷ அறிக்கை பஜாரில் எடைக்கு வந்திருந்தது. அதில் சண்முகவள்ளியின் படம். கையில் கோப்பை, காலடியில் கன்று.

"என்னண்ணே போட்டிருக்கு?" என்றாள் அவள்.

சேக் பரீது கண்ணாடியை மாட்டினார்.  "'உலகுக்கு நாம் அளித்த வாக்கைக் காக்கும் கரங்கள். கன்றுக்கு நீர் ஊற்றும் மலைநாட்டு மாது.'"

சண்முகவள்ளி படத்தைப் பார்த்தாள். கறுத்த கை படத்தில் வெளுப்பாக விழுந்திருந்தது. காகிதத்தைக் கசக்கி அடுப்பில் எறியப்போனாள்.

"அக்கா, நெருப்புல போடாதீக" என்றாள் கந்தம்மாள். "அதுவும் மொளைச்சுத் தொலையும்."

சண்முகவள்ளி அதைச் சாணிக்குழியில் போட்டு, மேலே இரண்டு கூடை சாணியைக் கொட்டி மிதித்தாள். பிறகு மூவரும் ஊத்துமேட்டுக்கு ஏறினார்கள். ஊற்று இன்னும் மணிக்கட்டு கனம் விழுந்துகொண்டிருந்தது. முந்தின நாள் பிடுங்கி முடித்த இடத்தில் புதிதாக வாட்டில் முளைத்திருந்தது.